மன்னருக்கு அடியில் ஒரு சீட்டு

அத்தியாயம் ஏழு

கடிகாரக் கடையின் மாடியறையில் இருபத்துமூன்று கடிகாரங்கள் நின்றுபோயிருந்தன. சாவி கொடுக்கும் கை வெளியேறி ஆறு நாளாயிற்று. ஒவ்வொன்றும் தன் சுருள்வில் தளர்ந்துபோன நேரத்தைக் காட்டியபடி சுவரில் தொங்கியது. செவ்வாய்க்கிழமை காலை கடையைப் பூட்டிக்கொண்டு போன கடிகாரக்காரர், திங்கட்கிழமை நண்பகலாகியும் திரும்பவில்லை.

"எல்லாம் ஒரே நேரத்துல நின்னிருந்தா நமக்கு வேலை மிச்சம் மேடம்," என்றான் ஒட்டடை. "இதுங்க ஆளுக்கொரு வாக்குமூலம் குடுக்குது."

ஆறடி மூன்று அங்குல உயரமும், அந்த உயரத்துக்கு ஈடுகொடுக்காத சதையும் உடையவன் அவன். பெயர் வைத்தது யாரென்று அவனுக்கே நினைவில்லை. துப்பறியும் அம்மையாரிடம் உதவியாளனாகச் சேர்ந்த இந்த ஒன்பது ஆண்டுகளில், நிலைப்படியில் தலை இடிக்காமல் முடிந்த விசாரணை ஒன்றுகூட இல்லை. அவனுடைய பேச்சுக்கு அம்மையார் சிரிப்பதில்லை. அவன் பேசாமலிருந்தால் மட்டும், "என்னப்பா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்.

இப்போது அவர் கேட்டது வேறு. "நர்ஸம்மா, அந்த மாத்திரை விஷயத்தை இன்னொரு தடவை சொல்லுங்க."

காணாமற்போனவரின் ஒரே மகள் மருத்துவமனைச் செவிலியர். அழுது முடித்துவிட்ட குரலில் சொன்னார். "அப்பாவுக்கு இதயம் ரொம்ப பலவீனம். போன திங்கட்கிழமை நான்தான் டப்பாவை நிரப்பிக் குடுத்தேன். ஏழு அறை, ஏழு நாள். அதைச் சட்டைப்பையில போட்டுக்கிட்டுத்தான் போயிருக்கார். இன்னிக்குக் கடைசி அறை. நாளைக்கு அவர்கிட்ட ஒண்ணும் இருக்காது."

"இல்லாமப் போனா?"

"முதல்ல கால் வீங்கும். அப்புறம் மூச்சு வாங்கும். அதுக்கு மேல சொல்ல எனக்கு வாய் வரல மேடம்."

அம்மையார் தலையசைத்துவிட்டு, மேசைமேல் அடுக்கியிருந்த மரத்தட்டுகளில் மேலே இருந்ததன் பக்கம் குனிந்தார். அதில் வட்டமான குழிகள் வரிசைவரிசையாக வெட்டப்பட்டிருந்தன. ஒவ்வொரு குழியிலும் விரல்நக அகலத்திலிருந்து பெரிய பொத்தான் அகலம் வரையிலான ஒரு பித்தளை வில்லை. தாளில் கணக்குப் போடும் பழக்கம் வேரூன்றுவதற்கு முன்பு, ஐரோப்பிய வணிகர்கள் கோடு போட்ட பலகைமேல் நகர்த்திக் கூட்டிக் கழித்த காய்கள் அவை. பிற்காலத்தில் அதே வில்லைகள் சூதாட்ட மேசைகளுக்கு இடம் மாறின. முகப்பில் எப்போதும் யாரேனும் ஒரு முடிமன்னர். சுருள்முடி லூயிகள், தடித்த ஜார்ஜுகள், கொண்டை முடித்த விக்டோரியாக்கள். அச்சு வெட்டியவர்களில் பலர் தாங்கள் வெட்டிய மன்னரைக் கண்ணால் கண்டதில்லை. கேள்விப்பட்டதை வைத்து வெட்டினார்கள்.

"இந்த ராஜா மூக்கைப் பாருங்க," என்றான் ஒட்டடை. "பிடிக்காத ஆளு வெட்டினது."

"அப்பாவுக்கு அந்த மாதிரி மூக்குதான் பிடிக்கும்," என்றார் செவிலியர். "சரியா வெட்டினதைச் சீண்ட மாட்டார். பத்து நாளைக்கு முன்ன, வெள்ளிக்கிழமை, ஒரு லூயி கிடைச்சுது. கண் வெட்ட மறந்துபோன லூயி. குழந்தையைத் தூக்கி வெச்சுக்கிட்ட மாதிரி வெச்சுக்கிட்டிருந்தார். அதைப் பத்திக் கேக்க யாரையோ பாக்கணும்னு செவ்வாய்க்கிழமை கிளம்பினார். யாருன்னு சொல்லல."

தட்டின் ஓரத்தில் ஒரு குழி காலியாக இருந்தது. புதிதாக ஒட்டிய பச்சைக் கம்பளித் துணி. அதன்மேல் எதுவும் வைக்கப்பட்ட தடமில்லை.

அம்மையார் பக்கத்துக் குழியிலிருந்த ஜார்ஜை விளிம்பில் பிடித்துத் தூக்கினார். அடியில் அதே அளவில் வட்டமாக வெட்டிய காகிதச் சீட்டு ஒன்று. எந்த மன்னர், எந்த ஊர் அச்சு, யாரிடமிருந்து கிடைத்தது என்று பொடி எழுத்தில் எழுதியிருந்தது. அதன் அடியில் வேறொரு கையெழுத்தில் இன்னொரு சீட்டு. அதற்கும் அடியில் பழுப்பேறிய மூன்றாவது.

"இதென்ன, ஜாதகமா?" என்றான் ஒட்டடை.

"கிட்டத்தட்ட அதுதான்," என்றார் செவிலியர். "வில்லை கை மாறினா, பழைய சொந்தக்காரர் சீட்டும் கூடவே போகணும். புதுசா வாங்கினவர் தன் சீட்டை மேல வைப்பார். கீழ இருக்கிறதை யாரும் தூக்கிப் போட மாட்டாங்க. சீட்டைத் தொலைச்ச ஆளுன்னு பேர் வந்துட்டா, அப்புறம் அவர்கூட யாரும் மாத்திக்க மாட்டாங்கன்னு அப்பா சொல்வார்."

அம்மையார் கடிகாரக்காரரின் சீட்டைத் திருப்பினார். முதுகில் ஏதோ ஒரு எண்ணின் பாதியும் ஒரு கிழமையின் முதலிரண்டு எழுத்துகளும் அச்சாகியிருந்தன.

"தினசரிக் காலண்டர் தாள்," என்றார் மகள். "சீட்டு எழுதற நாள்ல, வேலை முடிஞ்சதும் அன்னிக்குத் தாளைக் கிழிச்சு அதுலயே வெட்டுவார். திருப்பிப் பார்த்தா நாள் தெரியணுமாம்."

சுவரிலிருந்த நாள்காட்டி செவ்வாய்க்கிழமையோடு நின்றிருந்தது.

அடுத்த கால் மணி நேரம் அம்மையார் தட்டுகளின்மேலேயே குனிந்திருந்தார். மன்னர்களை ஒவ்வொருவராகத் தூக்கி, அடியிலிருந்த சீட்டுகளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு பன்னிரண்டு சீட்டுகளை மட்டும் தனியே வரிசையாக வைத்தார். எல்லாம் ஊதா மையில் ஒரே கையெழுத்து. முதுகுப் பக்கம் வழவழப்பான தடித்த அட்டை.

"படிப்பா."

ஒட்டடை குனிந்தான். "இதுல '...ணிக்கு வரவும்'. இதுல 'துலக்கிய பின்'. இதுல..." நிமிர்ந்தான். விளக்கில் தலை இடித்தது. "மேடம், இது பல் டாக்டர் குடுக்கிற அட்டை. 'பல் துலக்கிய பின் பத்து மணிக்கு வரவும்.' நானே ஒரு காலத்துல வீட்டுல அடுக்கி வெச்சிருந்தேன்."

"சீட்டு வெட்டுறவங்க அதுக்குன்னு காகிதம் வாங்கப் போறதில்ல. அவங்கவங்க தொழில்லயே மிச்சம் கிடக்கும்," என்றார் அம்மையார். "உங்கப்பா அதிகமா மாத்திக்கிட்டது இந்த ஆளோடதான். நர்ஸம்மா, தொழிலை விட்டுட்ட பல் டாக்டர் யாராவது இந்த ஊர்ல உண்டா? விட்டிருந்தாத்தான் அட்டை மிஞ்சும்."

செவிலியர் யோசிக்கவே இல்லை. "நீர்த்தொட்டித் தெருவுல ஒருத்தர். ஆறு வருஷம் ஆச்சு மூடி."

*

கதவைத் திறந்தவர் டாக்டரின் அக்கா. எழுபதைத் தாண்டியவர். ஒரு மயிர்கூட நெற்றியில் விழாதபடி வாரியிருந்தார். இடுப்பில் சாவிக்கொத்து. அவர் நடந்தபோது அது ஒலிக்கவில்லை. ஒவ்வொரு சாவிக்கும் இடையில் துணி சுற்றியிருந்ததை ஒட்டடை கவனித்தான். ஏனோ அது அவனுக்குப் பிடிக்கவில்லை.

"செருப்பைச் சுவரோட ஒட்டி வைங்க," என்றார் அவர். "இடது வலது மாறாம."

செவிலியரை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு அவர்கள் இருவர் மட்டுமே உள்ளே வந்திருந்தார்கள். ஒட்டடை தன் செருப்பை இரண்டு முறை திருத்தி வைத்தான். மூன்றாவது முறை அக்காவே குனிந்து அரை அங்குலம் நகர்த்தினார்.

முன்னறையில் டாக்டர் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளும் கோட்டுப் பைக்குள் இருந்தன. மெலிந்த, மரியாதையான மனிதர். கடிகாரக்காரரைப் பற்றிக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

"அவரா? பாத்து ரெண்டு மாசம் இருக்கும். கடைசியா ஒரு ஜார்ஜுக்காகக் கொஞ்சம் மனஸ்தாபம். நல்ல மனுஷன். வில்லையைப் பார்த்ததும் எந்த அச்சு, எந்த வருஷம்னு சொல்லுவார். அந்தக் கண் எனக்கோ அக்காவுக்கோ கிடையாது."

"உங்ககிட்ட லூயி வரிசை இருக்காமே," என்றார் அம்மையார்.

"பதிமூணு இருக்கு. எல்லாம் ஒரே ஆள் வெட்டின அச்சு. பதினாலாவது கண்ணில்லாத ராஜா. அது எனக்கு இந்த ஜென்மத்துல கிடைக்காது. பாக்கறீங்களா? அக்கா, அந்தத் தட்டு."

அக்கா பேழையைத் திறந்து, தட்டை இழுத்து மேசைமேல் வைத்தார். "தேநீர் கொண்டு வரேன். அஞ்சு நிமிஷம் ஆகும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

"இங்க பாருங்க, கடைசிக் குழி காலியா..."

டாக்டரின் பேச்சு அங்கேயே அறுந்தது. கடைசிக் குழி காலியாக இல்லை. சுருள்முடி, மாலை, தூக்கிய மோவாய் எல்லாம் உள்ள ஒரு மன்னர் அதில் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தார். கண் இருக்கவேண்டிய இடத்தில் வழித்துவிட்டாற்போல் வெறும் பித்தளை.

ஒட்டடை கதவை அடைத்தாற்போல் போய் நின்றான். "காலிக் குழி நல்லா மினுங்குது டாக்டர்."

"எனக்குத் தெரியாது." டாக்டரின் உதடு வெளுத்திருந்தது. "சத்தியமா எனக்குத் தெரியாது. இது எப்படி இங்க வந்துது?"

"இதே வசனத்தை நகைத் திருடன்கூட இவ்வளவு அழகாச் சொன்னதில்ல."

"கொஞ்சம் சும்மா இருப்பா," என்றார் அம்மையார்.

அவர் கண்ணில்லாத மன்னரைத் தூக்கினார். அடியில் இரண்டு சீட்டுகள். மேலே ஊதா மை, அழகான உறுதியான எழுத்து. கீழே கடிகாரக்காரரின் பொடிக் கையெழுத்து. கீழ்ச் சீட்டைத் திருப்பினார். 'வியா' என்ற இரண்டு எழுத்தும், பதினாறு என்ற எண்ணும் தெளிவாகத் தெரிந்தன.

"வெள்ளிக்கிழமை அவர் கைக்கு வந்த வில்லை. செவ்வாய்க்கிழமை வீட்டை விட்டுப் போயிட்டார். சீட்டு வியாழக்கிழமைத் தாள்ல இருக்கு. அந்த வெள்ளிக்கும் இன்னிக்கும் இடையில ஒரே ஒரு வியாழன்தான், அது போன வியாழன். அவர் கடைக் காலண்டர்ல அந்தத் தாள் இன்னும் கிழிக்காமத் தொங்குது." அம்மையார் எதிர்ச்சுவரைக் காட்டினார். அங்கே ஒரு தினசரி நாள்காட்டி, திங்கட்கிழமையைக் காட்டிக்கொண்டிருந்தது. "அந்தக் காலண்டரைத் தினமும் யார் கிழிக்கிறாங்க டாக்டர்?"

"அக்கா."

"கையை வெளிய எடுங்க."

டாக்டர் தயங்கினார். பிறகு எடுத்தார். அம்மையார் நீட்டிய வில்லையை வாங்கியதும் அது மேசை விளிம்பில் பட்டுக் கடகடவென்று அடித்துக்கொண்டது. நிறுத்த முயன்றபோது இன்னும் வேகமாக அடித்தது. அவர் அதைக் கீழே வைத்துவிட்டுக் கைகளைப் பழையபடி பைக்குள் மறைத்துக்கொண்டார்.

"ஆறு வருஷமா இப்படித்தான்," என்றார் மெதுவாக. "அதனாலதான் தொழிலை விட்டேன். கிண்ணத்தைக்கூட அக்காதான் பிடிச்சுக்கறா."

"அப்ப இந்த ஊதா மை எழுத்து?"

"அவளோடது. வாங்கறது, மாத்திக்கறது, எழுதறது எல்லாம் அவதான். நான் பாக்கறதோட சரி. அதுவும் அவ தட்டை எடுத்து வெச்சாத்தான்."

ஒட்டடைக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஐந்து நிமிடம் எப்போதோ கடந்துவிட்டது. சமையலறையிலிருந்து ஒரு கரண்டிச் சத்தம்கூட வரவில்லை.

*

வீட்டின் பின்பாதி பழைய சிகிச்சைக்கூடம். சாய்வு நாற்காலிமேல் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. வரவேற்பு மேசைமேல் ஊதா மைப் புட்டி, பேனா, மூடியிட்ட தட்டையான பெட்டி. எல்லாம் மேசை விளிம்புக்கு இணையாக வைக்கப்பட்டிருந்தன.

ஒட்டடை பெட்டியைத் திறந்தான். உள்ளே நூலால் கட்டிய சீட்டுக் கட்டுகள். பக்கத்தில் ஏழு அறைகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா. செவ்வாய்க்குரிய அறை மட்டும் காலியாக இருந்தது. மற்ற ஆறிலும் மாத்திரைகள் வைத்தது வைத்தபடி இருந்தன.

"மேடம்," என்றான். "இன்னிக்கு வரைக்கும் மாத்திரை இருக்கும்னு நாம நிம்மதியா இருந்தோம். புதன்கிழமையிலேருந்தே அவர் எதுவும் சாப்பிடல."

அம்மையார் பெட்டியிலிருந்த ஒரு சீட்டுக் கட்டின் மேலிருந்த ஒன்றை உருவிப் படித்தார். அவர் முகம் மாறியதை ஒன்பது ஆண்டுகளில் அன்றுதான் ஒட்டடை பார்த்தான். எட்டிப் படித்தான்.

'விக்டோரியா. பித்தளை. சூதாட்ட வில்லை, துளையிட்டது. மறைந்த கடிகாரக்காரரின் சேகரிப்பிலிருந்து, அவர் மகளிடம் வாங்கியது.' கீழே தேதி. அடுத்த மாதம் ஐந்தாம் நாள்.

கட்டுகளில் இருந்த எல்லாச் சீட்டும், வில்லைக்கு ஒன்றாக, அதே 'மறைந்த கடிகாரக்காரரின்' வாசகத்தோடு தயாராக இருந்தன. நானூறு இருக்கும்.

"தேநீர் முன்னறையில இருக்கு. ஆறிப்போயிடும்," என்றது ஒரு குரல்.

கூடத்தின் கோடியில், எக்ஸ்ரே அறை வாசலில் அக்கா நின்றிருந்தார். ஈயத்தகடு அடித்த கதவு அது. உள்ளிருந்து கத்தினாலும் வெளியே கேட்காது.

"சாவியைக் குடுங்கம்மா," என்றார் அம்மையார்.

"அவர் வேலையா இருக்கார். சீட்டே இல்லாத வில்லை நூத்தித் தொண்ணூறு என்கிட்ட சேர்ந்துபோச்சு. அடையாளம் சொல்லி எழுத அவரை விட்டா ஆளில்ல. இன்னும் பதினொண்ணு பாக்கி. நடுவுல எழுப்பினா எழுத்து ஒரே சீரா வராது."

"அவர் மாத்திரையை ஏன் எடுத்தீங்க?"

"எடுக்கல. பத்திரமா வாங்கி வெச்சேன். வேளாவேளைக்குச் சாப்பாடு போகுது. கட்டிலும் தலையணையும் போட்டிருக்கு. அவருக்கு நான் ஒரு கெடுதலும் செய்யல." அக்காவின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "ஒண்ணுமே செய்யல."

"அது தெரியுதும்மா. ஒண்ணும் செய்யாம உட்கார்ந்து நாள் எண்ணிக்கிட்டு இருந்தீங்க. விருந்தாளிக்கு இதயம் நின்னுபோச்சுன்னா யார் சந்தேகப்படப் போறாங்க. சாவி."

அக்கா அசையவில்லை. ஒட்டடை ஓரடி முன்னே வைத்தான். அவர் சாவிக்கொத்தைக் கைக்குட்டைக்குள் சுருட்டி, பக்கத்திலிருந்த கழுவுதொட்டியின் வடிகால் வாய்க்கு மேலே பிடித்தார். இன்னும் ஓரடி வைத்தால் விட்டுவிடுவார் என்பது தெளிவாயிருந்தது. ஈயக் கதவு. உடைத்துத் திறக்க அரை நாள் பிடிக்கும்.

அம்மையார் தன் உள்ளங்கையை விரித்தார். அதில் கண்ணில்லாத மன்னரின் அடியில் இருந்த இரண்டு சீட்டுகள். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டு கை விரல்களாலும் பிடித்தார்.

"இதைக் கிழிச்சுடுவேன்," என்றார்.

முதல் தடவையாக அக்காவின் கண் இமைத்தது. "கிழிக்க மாட்டீங்க. யாரும் கிழிக்க மாட்டாங்க."

"நான் சேகரிக்கிறவ இல்லம்மா. எனக்கு இது வெறும் காகிதம்."

சீட்டின் விளிம்பில் நூலளவு கிழிசல் விழுந்தது. ஓசைகூடக் கேட்கவில்லை. ஆனால் அக்கா வலி கண்டவர்போல் முனகினார். கைக்குட்டையும் சாவிக்கொத்தும் ஒட்டடையின் நீண்ட கைக்கு வந்து சேர்ந்தன. ஒரு மனிதருடைய மூச்சுக்காக நகராத அக்காவின் கை, ஒரு சீட்டுக்காக நகர்ந்தது.

"வண்டியில இருக்கிற மகளைக் கூப்பிடுப்பா. ஆம்புலன்ஸுக்கும் போலீஸுக்கும் சொல்லு," என்றார் அம்மையார், பூட்டைத் திறந்தபடியே.

உள்ளே மேசை விளக்கின் வட்டத்தில் கடிகாரக்காரர் உட்கார்ந்திருந்தார். கணுக்கால்கள் வீங்கிச் செருப்பின் வாரை மீறிப் பிதுங்கியிருந்தன. மூச்சு, துருத்தி இழுப்பதுபோல் கேட்டது. கண்ணில் பூதக்கண்ணாடி. அதைக் கழற்றாமலே சொன்னார்:

"கதவைச் சாத்துங்க. காத்துல சீட்டு பறக்குது."

"அப்பா." மகள் ஒட்டடையை இடித்துக்கொண்டு உள்ளே ஓடினார். மண்டியிட்டு நாடியைப் பிடித்தார். "ஆறு நாளா எங்கப்பா போனீங்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"ஆறு நாளா? ரெண்டு மூணு நாள்தான இருக்கும்." அவர் உண்மையாகவே குழம்பினார். "இங்க பாரும்மா, எவ்வளவு இருக்குன்னு. ஒண்ணுக்கும் சீட்டு கிடையாது. எல்லாம் அநாதையாக் கிடந்துது. என் லூயியைக் குடுத்துட்டுத்தான் இதுல பத்து எடுத்துக்கறதா ஒப்பந்தம்."

"உங்களைப் பூட்டி வெச்சிருந்தாங்க அப்பா."

"பூட்டியா இருந்துது?"

அவர் கதவைப் பார்த்தார். இத்தனை நாளில் ஒருமுறைகூட அதைத் தள்ளிப் பார்க்கத் தோன்றவில்லை என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

"மாத்திரை?" என்றார் மகள்.

"அந்த அம்மாதான் வேளாவேளைக்கு எடுத்துக் குடுத்தாங்களே. வெள்ளையா ரெண்டு."

"சுண்ணாம்புச் சத்து மாத்திரை," என்றார் வாசலில் நின்ற டாக்டர் யாரையும் பார்க்காமல். "பழைய கையிருப்பு."

அம்மையார் அந்த விக்டோரியாச் சீட்டைக் கடிகாரக்காரரின் விளக்கடியில் வைத்தார். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படிக்கத் தொடங்கினார். முதலில் பார்த்தது அச்சு விவரத்தை. பிறகு துளையை.

"விவரம் சரிதான். ஆனா இது என் மூணாவது தட்டுல இருக்கிற ராணியாச்சே. நான் யாருக்கும் குடுக்..."

விரல் அடுத்த வரிக்கு நகர்ந்து, 'மறைந்த' என்ற சொல்லில் நின்றது. அங்கேயே நெடுநேரம் நின்றது. அவர் மெதுவாகப் பூதக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவருக்கு மூச்சு வாங்குவது இப்போதுதான் அவருக்கே கேட்டதுபோலிருந்தது. மகளின் தோளைப் பற்றிக்கொண்டார்.

"என்னை வெளிய கூட்டிட்டுப் போம்மா," என்றார்.

ஒருபுறம் மகளும் மறுபுறம் ஒட்டடையுமாகத் தாங்கி நடத்தி வந்தார்கள். சீட்டு இன்னும் அவர் விரல்களுக்கிடையில் இருந்தது. வாசலருகே சுவரோரம் நேராக நின்றிருந்த அக்கா, அவர்கள் கடந்தபோது கையை நீட்டினார்.

"அதைக் குடுத்துட்டுப் போங்க," என்றார், மிகவும் மரியாதையாக. "அதுல ஒரே ஒரு தப்புதான். தேதி. அதை மட்டும் அப்புறம் எழுதிக்கறேன்."